என் 1970 சி10: தினமும் ஓட வேண்டிய வண்டி

டெக்சஸ் மாநிலத்தில் சான் அன்டோனியோவுக்கு வடமேற்கே உள்ள குன்றுப் பகுதியில், ஓர் ஆட்டுப் பண்ணையின் கொட்டகைக்குள் பதினொரு ஆண்டுகள் அசையாமல் நின்றிருந்த 1970-ஆம் ஆண்டு ஷெவர்லே சி10 பிக்கப் வண்டியை மூன்று ஆண்டுகளுக்கு முன்பு வாங்கினேன். கடந்த பதினான்கு மாதங்களாக நான் வேலைக்குப் போவதும், மகளைப் பள்ளியில் விடுவதும், கடையிலிருந்து மண்மூட்டையும் மரமும் ஏற்றி வருவதும் அந்த வண்டியில்தான். கண்காட்சிக்கு மட்டும் வெளியே எடுக்கும் வண்டியாக அதை ஆக்கிவிடக் கூடாது என்பதை வாங்கிய அன்றே முடிவு செய்துவிட்டேன். பழைய வண்டியைச் சீரமைப்பவர்கள் பலர் வண்ணத்திலிருந்து தொடங்குகிறார்கள். நாள்தோறும் ஓட வேண்டிய வண்டிக்கு அந்த வரிசை பொருந்தாது என்பது என் உறுதியான கருத்து. வண்டியை நிறுத்துவது, எரிபொருளைத் தாங்குவது, மின்சாரத்தைக் கொண்டு செல்வது, உள்ளே இருப்பவரைக் காப்பது ஆகிய நான்கையும் இன்றைய நிலைக்கு மாற்றிவிட வேண்டும் என்றும், கண்ணுக்குத் தெரிவதையும் கையால் தொடுவதையும் இயன்றவரை அப்படியே விட்டுவிட வேண்டும் என்றும் ஒரு வரையறை வகுத்துக்கொண்டேன். எங்கே அந்த வரையறையை மீற நேர்ந்தது என்பதையும் சேர்த்தே இங்கே எழுதுகிறேன்.

1967 முதல் 1972 வரை வந்த சி10 ஒரே தலைமுறையைச் சேர்ந்தது. ஆண்டுக்கு ஆண்டு வெளித்தோற்றத்தில் சிறிய மாற்றங்களே இருக்கும். ஆனால் தினமும் ஓட்டப்போகிறவருக்கு 1970-க்கும் 1971-க்கும் இடையே பெரிய வேறுபாடு ஒன்று உண்டு. 1971-இல் முன்சக்கரங்களுக்கு, சக்கரத்தோடு சுழலும் வட்டத் தகட்டை இருபுறமும் பற்றி நிறுத்தும் டிஸ்க் பிரேக் வந்துவிட்டது. என் வண்டியோ நான்கு சக்கரங்களிலும், சுழலும் உருளையின் உட்புறத்தை உரசி நிறுத்தும் டிரம் பிரேக் கொண்டது. கிளவ் பாக்ஸ் கதவின் உட்புறத்தில், தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தபோது வண்டியில் என்னென்ன இருந்தன என்பதைக் குறியீடுகளாகப் பட்டியலிட்ட ஒரு தாள் ஒட்டப்பட்டிருக்கும். என் வண்டியில் அந்தத் தாள் பாதி எலி தின்றது போக மிஞ்சியிருந்தது. 250 கன அங்குலம், அதாவது 4.1 லிட்டர் கொள்ளளவுள்ள ஆறு சிலிண்டர் நேர்வரிசை எஞ்சின், ஸ்டியரிங் தண்டின் மேலேயே கியர்க்கோல் அமைந்த மூன்று கியர் பெட்டி, நீளமான பின்தொட்டி ஆகியவற்றை அந்தத் தாளும் வண்டியும் ஒருசேர உறுதிப்படுத்தின. வண்டியில் எதுவும் பிற்காலத்தில் மாற்றப்படவில்லை என்று தெரிந்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சி, அதே நாளில் அடிப்பகுதியைத் திருப்புளியால் தட்டிப் பார்த்தபோது குறைந்தது.

இந்தத் தலைமுறை வண்டிகளில் துரு கீழிருந்து மேலே ஏறுவதில்லை, மேலிருந்து கீழே இறங்குகிறது. முன்கண்ணாடிக்குக் கீழே காற்று உள்ளே வருவதற்காக வரிசையாகத் துளைகள் விட்டிருப்பார்கள். வண்டி மரத்தடியில் நின்றால் அந்தத் துளைகள் வழியே சருகு உள்ளே விழுந்து மட்கி மண்ணாகும். அந்த மண் மழைநீரைப் பிடித்துவைத்துக்கொண்டு, ஓட்டுநரின் கால் பக்கத் தகரத்தின் பின்னால் மெல்ல இறங்கி, கதவுக்குக் கீழே பெட்டிபோல் ஓடும் ராக்கர் என்னும் பகுதியை உள்ளிருந்தே அரித்துவிடும். வெளியே வண்ணம் நன்றாக இருக்கும். தட்டினால் திருப்புளி உள்ளே போய்விடும். என் வண்டியில் இரண்டு ராக்கர்களும், கேபினின் பின்மூலைகள் இரண்டும் அப்படித்தான் போயிருந்தன. முந்தைய உரிமையாளர் ஒருவர் இடது மூலையில் ஓட்டையை அடைக்காமல் அதன்மேல் பட்டி பூசி மறைத்திருந்தார். விரலளவு தடிமனாக இருந்த அந்தப் பட்டியை உடைத்தெடுத்தபோது, அதன் பின்னால் தகரமே இல்லை.

மாற்றுத் தகரங்கள் இந்த வண்டிக்கு இன்றும் தாராளமாகக் கிடைக்கின்றன. பழைய பிக்கப் ஒன்றை முதன்முதலாகத் தேர்ந்தெடுப்பவருக்கு இந்தத் தலைமுறையை நான் பரிந்துரைப்பதற்கு முதல் காரணமும் அதுதான். ஆனால் வெட்டுவதற்கு முன்பு கதவு திறப்பின் குறுக்கே ஒரு இரும்புச் சட்டத்தைத் தற்காலிகமாகப் பற்றவைத்துவிட வேண்டும்; இல்லையென்றால் ராக்கரை வெட்டியவுடன் கேபின் சில மில்லிமீட்டர் தொய்ந்து, பிறகு கதவு ஒருபோதும் சரியாக மூடாது. வெல்டிங்கைத் தொடர்ச்சியாக இழுக்காமல், ஒரு புள்ளி இங்கே, அடுத்த புள்ளி ஒரு சாண் தள்ளி, நடுவே ஆறவிட்டு என்று வைத்துக்கொண்டு போனால்தான் மெல்லிய தகரம் நெளியாது. இந்த நான்கு இடங்களுக்கும் ஏழு வார இறுதிகள் ஆயின. கடைசியாகப் பெட்டிக்குள் மெழுகுக் கரைசலைப் பீய்ச்சி, நீர் வெளியேறும் துளைகளைத் திறந்துவிட்டு, மேலே காற்றுத் துளைகளின் அடியில் மெல்லிய கம்பி வலை ஒன்றைப் பொருத்தினேன். அந்த வலைக்குச் செலவு மிகக் குறைவு. ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே அது இருந்திருந்தால் அந்த ஏழு வார இறுதிகளும் தேவைப்பட்டிரா.

பெட்ரோல் டேங்க் இந்த வண்டிகளில் இருக்கும் இடத்தைக் கேட்டால் இன்று யாரும் நம்பமாட்டார்கள். இருக்கைக்குப் பின்னால், கேபினுக்கு உள்ளேயே, ஓட்டுபவரின் முதுகுக்கு அருகில் சுமார் இருபது கேலன் கொள்ளும் டேங்க் நிற்கிறது. 1972 வரை அதுதான் வழக்கம். கோடையில் கேபின் முழுவதும் பெட்ரோல் வாடை வீசும் என்பது ஒருபுறம் இருக்க, மகளை உட்கார வைக்கப்போகும் வண்டியில் அதை விட்டுவைக்க எனக்கு மனம் வரவில்லை. அதைக் கழற்றிவிட்டு, பின்தொட்டிக்குக் கீழே, வண்டியைத் தாங்கும் அடிச்சட்டமான சேஸிஸின் இரு சட்டங்களுக்கு நடுவே, பின் அச்சுக்குப் பின்னால் புதிய டேங்க் ஒன்றைத் தொங்கவிட்டேன். இன்றைய பெட்ரோலில் பத்து விழுக்காடு வரை எத்தனால் கலந்திருப்பதால் பழைய ரப்பர்க் குழாய்கள் இளகிப் பிசுபிசுத்துப்போகும்; எனவே டேங்கிலிருந்து கார்புரேட்டர் வரை எத்தனாலைத் தாங்கும் குழாய்களையே போட்டேன். இருக்கைக்குப் பின்னால் காலியான இடத்தில் இப்போது ஜாக்கியும், கருவிப்பையும், மகளின் மழைக்கோட்டும் இருக்கின்றன.

பிரேக்கைப் பற்றிச் சற்று விரிவாக எழுத வேண்டும், ஏனெனில் அதிகமாகக் கற்றுக்கொண்டதும் அதிகமாகத் தவறு செய்ததும் அங்கேதான். டிரம் பிரேக் மோசமானதன்று. சரியாகச் செட் செய்தால் முதல் இரண்டு முறை நன்றாகவே பிடிக்கும். ஆனால் நெடுஞ்சாலையின் நெரிசலில் மீண்டும் மீண்டும் மிதிக்கும்போது டிரம் சூடாகி விரிந்து, அதை உரசும் லைனிங்கிலிருந்து விலகிப்போகும், பெடல் மேலும் கீழே இறங்க வேண்டியிருக்கும். மழையில் ஒரு பக்க டிரம்முக்குள் நீர் புகுந்தால் வண்டி மறுபக்கம் இழுக்கும். முன்னால் செல்லும் புதிய கார் பாதித் தூரத்தில் நின்றுவிடும் சாலையில் இது ஏற்கத்தக்கதன்று. எனவே முன்சக்கரங்களுக்கு டிஸ்க்கும், பெடலை மிதிப்பதை எளிதாக்கும் வெற்றிட பூஸ்டரும் பொருத்தினேன். பெடலை மிதிக்கும்போது பிரேக் எண்ணெயைக் குழாய்களுக்குள் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரில், டிரம்முக்கான பழையதை டிஸ்க்குடன் பயன்படுத்தக் கூடாது என்பதை அப்போதுதான் புரிந்துகொண்டேன்: டிரம்முக்குச் செல்லும் குழாயில் எப்போதும் சிறிதளவு அழுத்தத்தைத் தேக்கிவைக்கும் வால்வு ஒன்று அதற்குள் இருக்கிறது, அதே அழுத்தம் டிஸ்க்கில் தேங்கினால் பேட் எந்நேரமும் உரசிக்கொண்டே இருக்கும். டிஸ்க்குக்கும் டிரம்முக்கும் உரிய மாஸ்டர் சிலிண்டரோடு, முன்பின் அழுத்தத்தைப் பகிர்ந்து தரும் வால்வும் சேர்ந்தால்தான் வேலை முழுமையாகும். சக்கரத்துக்கு ஆறு நட்டுகள் கொண்ட பழைய அமைப்பைக் காக்க விரும்பியதால் ஆறு துளை டிஸ்க்கையே தேடி வாங்கினேன். ஆனால் பழைய ரிம், டிஸ்க்கைப் பற்றும் காலிப்பரில் உரசியது. வேறு வழியில்லாமல் பதினைந்து அங்குல இரும்பு ரிம்களைப் புதிதாக வாங்கி, பழைய ரிம்மின் வெள்ளை நிறத்தையே அவற்றுக்கும் பூசினேன்.

பிரேக் குழாய்களைச் செம்பும் நிக்கலும் கலந்த உலோகத்தில் நானே வளைத்துச் செய்தேன். அது துருப்பிடிக்காது, கையால் வளையும். ஒவ்வொரு குழாயின் முனையையும் இருமுறை மடித்து விரிக்க வேண்டும். ஒருமுறை மட்டும் விரித்தால் விளிம்பு கீறிக் கசியும். முதல் நாள் நான் செய்த பதினான்கு முனைகளில் ஐந்து கசிந்தன. வெட்டிய முனையின் உட்பிசிறை அரத்தால் எடுக்காமல் விட்டதுதான் காரணம். அவற்றை வெட்டியெறிந்து மீண்டும் செய்தபின் கசிவு நின்றது, ஆனால் பெடல் பஞ்சுபோல் இறங்கியது. இரண்டு வார இறுதிகள் நான்கு சக்கரங்களிலும் குழாய்க்குள் சிக்கிய காற்றை வெளியேற்றிக்கொண்டே இருந்தேன். எதிர்வீட்டில் வசிக்கும், ஓய்வுபெற்ற மெக்கானிக்கான மெக்சிகோ வம்சாவளிப் பெரியவர் ஒருவர் வந்து பார்த்து, மாஸ்டர் சிலிண்டரை வண்டியில் மாட்டுவதற்கு முன்பு மேசையில் பொருத்திய வைஸ் என்னும் பிடிகருவியில் பிடித்து, உள்ளே இருக்கும் காற்றை முதலில் அங்கேயே வெளியேற்றினேனா என்று மட்டும் கேட்டார். நான் அதைச் செய்திருக்கவில்லை. கழற்றி, வைசில் பிடித்து, குமிழிகள் நிற்கும்வரை மெல்ல அழுத்தி, திரும்ப மாட்டிய அன்று மாலை பெடல் கல்போல் நின்றது. அதற்குப் பிறகு எந்த வேலையைத் தொடங்கும்போதும் அவரிடம் ஒருமுறை சொல்லிவிட்டுத்தான் தொடங்குகிறேன்.

இனி எஞ்சின். இந்த வண்டியைப் பார்க்கும் பத்துப் பேரில் எட்டுப் பேர், பிற்கால ஜெனரல் மோட்டார்ஸ் பிக்கப்களிலிருந்து 5.3 லிட்டர் வி8 எஞ்சினை எடுத்துப் போட்டுவிடு என்கிறார்கள். அது நியாயமான யோசனைதான்; அந்த எஞ்சின்கள் பழைய வண்டிக் கிடங்குகளில் எளிதாகக் கிடைக்கின்றன, உழைக்கின்றன, எரிபொருளையும் அளந்து செலவிடுகின்றன. ஆனாலும் நான் மாற்றவில்லை. ஏழு தாங்கிகளின் மேல் கிராங்க் தண்டு சுழலும் இந்த ஆறு சிலிண்டர் எஞ்சின், நேர்வரிசை ஆறுக்கே உரிய இயல்பான சமநிலையால் நடுக்கமில்லாமல் ஓடுகிறது. பானட்டைத் திறந்தால் இருபுறமும் ஆள் நிற்குமளவுக்கு இடம் இருக்கிறது, எதற்கும் கை எட்டுகிறது. வேலைக்குப் போகும் வழியில் நின்றுவிட்டால் சாலையோரத்தில் நானே சரிசெய்யக்கூடிய எஞ்சின் எனக்கு வேண்டும்.

அமுக்கச் சோதனையில் ஐந்து சிலிண்டர்கள் நன்றாக இருந்தன. ஐந்தாம் எண் சிலிண்டரில் மட்டும் அழுத்தம் வெகுவாகக் குறைந்திருந்தது. எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டைக் கழற்றியபோது, அந்தச் சிலிண்டரின் புகையை வெளியேற்றும் எக்ஸாஸ்ட் வால்வின் விளிம்பு எரிந்துபோயிருந்தது. இந்த எஞ்சின் ஈயம் கலந்த பெட்ரோலின் காலத்தில் பிறந்தது. அந்த ஈயம் எரியும்போது வால்வுக்கும் அது அமரும் இடத்துக்கும் நடுவே மெல்லிய படலமாகப் படிந்து தேய்மானத்தைத் தடுத்துவந்தது. சாலை வண்டிகளுக்கு ஈயப் பெட்ரோல் விற்பது அமெரிக்காவில் 1996 ஜனவரி 1 முதல் முற்றிலும் தடைசெய்யப்பட்டது. அந்தத் தடை எவ்வளவு நல்லது என்பதில் எனக்கு ஐயமில்லை; ஆனால் பாதுகாப்புப் படலத்தை இழந்த பழைய ஹெட்டில், நெடுஞ்சாலை வேகத்தில் நெடுநேரம் ஓடினால், வால்வு அமரும் இடம் தேய்ந்து உள்வாங்கிவிடும். ஆகவே கடைசல் பட்டறையில் கொடுத்து, எக்ஸாஸ்ட் பக்கம் ஆறிலும் கடினப்படுத்திய வால்வு சீட்டுகளைப் பதித்து வாங்கினேன். சிலிண்டர்களுக்குத் தீப்பொறி மின்சாரத்தைப் பகிர்ந்து தரும், பாயின்ட்டும் கண்டன்சரும் கொண்ட பழைய டிஸ்ட்ரிபியூட்டருக்குப் பதிலாக, 1975 முதல் இதே எஞ்சினில் வந்த எச்.இ.ஐ. எனப்படும் மின்னணு டிஸ்ட்ரிபியூட்டரை இறக்கினேன். அது வெட்டு ஒட்டு எதுவுமின்றி அப்படியே உட்காருகிறது. ஆனால் பழைய இணைப்பில் வோல்ட்டைக் குறைப்பதற்காக இருந்த மின்தடைக் கம்பியை நீக்கி, முழுப் பன்னிரண்டு வோல்ட்டையும் கொடுக்க வேண்டும். எண்ணெயிலும் கவனம் தேவை: கேம் தண்டு நேரடியாக உரசும் இத்தகைய எஞ்சின்களுக்குத் துத்தநாகச் சேர்மம் கூடுதலாக உள்ள எண்ணெயையே ஊற்றுகிறேன்.

வயரிங் முழுவதையும் புதிதாகப் போட்டேன். இதில் எனக்குச் சொல்ல அதிகமில்லை. ஐம்பது ஆண்டு வெயிலில் கிடந்த பழைய வயரின் உறை கையில் நொறுங்கினால் அதற்கு ஒட்டுப்போடக் கூடாது. ஓடும்போது மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரில், மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் தனியாக வெளியே இருந்த பழையதற்குப் பதிலாக ரெகுலேட்டர் உள்ளேயே அமைந்த, அதிக ஆம்பியர் தரும் ஒன்றை வைத்தேன், ஏனெனில் குளிர்சாதனம் வரவிருந்தது. சான் அன்டோனியோவின் ஆகஸ்ட் மாதத்தில், கறுப்பு ரெக்சின் இருக்கையில், மாலை ஐந்து மணி நெரிசலில் உட்கார்ந்து பார்த்தவர்கள் இதை ஆடம்பரம் என்று சொல்லமாட்டார்கள். என் வரையறையை நான் மீறிய இடமும் இதுதான்: டேஷ்போர்டின் அடியில் மூன்று காற்றுத் துளைகள் புதிதாகத் தெரிகின்றன.

இருக்கைப் பட்டையை அதன் பிறகு மாற்றினேன். முதலிலேயே மாற்றியிருக்க வேண்டும். தொழிற்சாலையிலிருந்து வந்தபோது இந்த வண்டியில் இடுப்பைச் சுற்றும் பட்டை மட்டுமே இருந்தது. தோளையும் சேர்த்துப் பிடிக்கும் பட்டையைப் பொருத்த, கேபினின் பின்தூணில் தகரத்துக்குப் பின்னால் தடித்த இரும்புத் தகடு வைத்துப் பற்றவைத்தேன். வெறும் தகரத்தில் துளையிட்டு போல்ட் போடுவதைச் சில வண்டிகளில் பார்த்திருக்கிறேன். மோதலின் வேகத்தில் அந்தத் தகரம் கிழிந்து போல்ட் வெளியே வந்துவிடும்.

சி10-இன் பின்சக்கர அமைப்பைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. அக்காலப் பிக்கப்களில் பெரும்பாலானவை பட்டைவில்லின் மேல் குதித்துக்கொண்டு போனபோது, ஷெவர்லே இதில் சுருள்வில்லை வைத்தது. சேஸிஸின் நடுப்பகுதியிலிருந்து இரண்டு நீண்ட இரும்புக் கைகள் பின்னோக்கிச் சென்று அச்சைப் பிடித்துக்கொள்கின்றன. இதே அமைப்பு அமெரிக்காவின் நாஸ்கார் கார்ப் பந்தயத்தின் முதன்மைப் போட்டிகளில் 2021 வரை பந்தயக் கார்களில் இருந்தது என்பது, இதன் எளிமைக்கும் உறுதிக்கும் போதிய சான்று. அச்சு பக்கவாட்டில் நகராமல் தடுக்க ஒரு குறுக்குக் கம்பி இருக்கிறது. வண்டியைத் தாழ்த்தினால் அந்தக் கம்பி வட்டப்பாதையில் நகர்ந்து அச்சை ஒருபக்கம் தள்ளிவிடும். நான் இரண்டு அங்குலம் மட்டுமே தாழ்த்தியதற்கும், நீளம் கூட்டக் குறைக்கக்கூடிய கம்பியைப் போட்டதற்கும் அதுவே காரணம். பின்தொட்டி ஏறக்குறைய தரையைத் தொடுமளவுக்குத் தாழ்த்திய சி10-கள் பார்க்க அழகுதான். ஆனால் அவற்றில் மண்மூட்டை ஏற்ற முடியாது.

கியர் பெட்டியை மாற்றவில்லை, பின் அச்சை மாற்றினேன். தொழிற்சாலையில் வைத்த 3.73 விகிதத்தில், அதாவது மேல் கியரில் சக்கரம் ஒருமுறை சுற்ற எஞ்சின் 3.73 முறை சுற்றும் விகிதத்தில், மணிக்கு 65 மைல் வேகத்தில் எஞ்சின் நிமிடத்துக்கு ஏறத்தாழ 2,800 சுற்றுகள் ஓட வேண்டியிருந்தது. இதே தலைமுறை வண்டி ஒன்றிலிருந்து 3.07 விகிதமுள்ள அச்சை முழுதாக எடுத்துப் போட்டபின், 235/75 அளவுள்ள பதினைந்து அங்குல ரேடியல் டயர்களோடு, அதே வேகத்தில் 2,300 சுற்றுகள் போதுமானவையாக இருக்கின்றன. சிக்னலில் புறப்படும்போது சற்று மந்தமாகத்தான் இருக்கிறது. பேசிக்கொண்டே நெடுஞ்சாலையில் போக முடிகிறது என்பதற்காக அந்த மந்தத்தை நான் மனதார ஏற்றுக்கொண்டேன்.

பின்தொட்டியின் தரை மரத்தால் ஆனது. பலகைகளுக்கு நடுவே இரும்புப் பட்டைகள் ஓடும். பழைய பைன் பலகைகள் உளுத்துப்போயிருந்ததால் ஓக் பலகைகளை அளந்து வெட்டி, இருபுறமும் எண்ணெய் ஊட்டி, மழையில் விரிவதற்கு இடைவெளி விட்டு அடுக்கினேன். பச்சை வண்ணத்தை மட்டும் நான் தொடவில்லை. கூரையிலும் பானட்டிலும் வெயிலில் வெளுத்து, கீழிருக்கும் பூச்சு தெரியுமளவுக்குத் தேய்ந்த அந்த வண்ணம் பண்ணையில் உழைத்த ஆண்டுகளில் வந்தது. கதவில் பண்ணையின் பெயர் எழுதியிருந்த இடம் மட்டும் அடர்ந்த பச்சையாக, எழுத்துகளின் நிழல்போல் நிற்கிறது. புதுத் தகரம் வைத்த இடங்களுக்கு மட்டும் அருகிலிருக்கும் நிறத்துக்கு ஒத்துப்போகும்படி பூசினேன். மற்ற இடங்களுக்கு ஆண்டுக்கு இருமுறை மெழுகு தேய்க்கிறேன். புது வண்டியில் பழைய தோற்றத்தை வரைந்து வைக்கும் பழக்கம் இப்போது பரவிவருகிறது; அதை என்னால் விரும்ப முடியவில்லை.

டெக்சஸில் பழைய வண்டிகளுக்கென்று ‘ஆன்டிக்’ என்னும் தனி நம்பர் பிளேட் உண்டு. ஆனால் அதை வாங்கினால் கண்காட்சி, ஊர்வலம், சங்க நிகழ்ச்சி போன்றவற்றுக்கு மட்டுமே வண்டியை எடுக்கலாம். வேலைக்குத் தினமும் ஓட்டக் கூடாது. எனவே சாதாரணப் பிளேட்டையே வைத்திருக்கிறேன். பழைய வண்டிகளுக்கான காப்பீட்டுத் திட்டங்கள் பலவும் இதே நிபந்தனையை விதிக்கின்றன என்பதால், காப்பீட்டையும் தினசரிப் பயன்பாட்டுக்கு என்று வெளிப்படையாகச் சொல்லியே எடுத்தேன். 2025 ஜனவரி 1 முதல் தனியார் வண்டிகளுக்கான வருடாந்தரப் பாதுகாப்புப் பரிசோதனையை இந்த மாநிலம் நீக்கிவிட்டது. புகைச் சோதனைக்கு உட்படும் வயதையும் என் வண்டி எப்போதோ கடந்துவிட்டது. ஆக, முன்சக்கரத்தைத் திருப்பும் டை ராடின் முனை ஆடுகிறதா, பிரேக் குழாய் கசிகிறதா என்று பார்க்க என்னைத் தவிர வேறு யாரும் இல்லை. மாதத்தின் முதல் சனிக்கிழமை காலையில் முன்பகுதியை ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தை இரு கைகளாலும் ஆட்டிப் பார்த்து, பால் ஜாயின்ட்டுகளுக்கும் டை ராட் முனைகளுக்கும் கிரீஸ் அடித்து, தேதியையும் மைலையும் ஒரு நோட்டில் எழுதிவைக்கிறேன்.

பதினான்கு மாதங்களில் ஒருமுறை மட்டுமே சாலையில் நின்றுபோனேன். ஜூலை மாதப் பிற்பகலில், வண்டியை நிறுத்திவிட்டுக் கடைக்குப் போய் இருபது நிமிடத்தில் திரும்பியபோது, எஞ்சின் சூட்டில் கார்புரேட்டரில் இருந்த பெட்ரோல் கொதித்து ஆவியாகியிருந்தது. பானட்டைத் திறந்துவைத்துவிட்டுக் காத்திருந்தேன். மறுவாரம் கார்புரேட்டருக்கு அடியில் வெப்பம் ஏறாத தடித்த கேஸ்கட் வைத்து, எரிபொருள் குழாயை எக்ஸாஸ்ட்டிலிருந்து நான்கு அங்குலம் தள்ளிக் கொண்டுபோனபின் அது திரும்ப நிகழவில்லை. இப்போது மிச்சமிருப்பது கதவின் முன்மூலையில் இருக்கும் சிறிய முக்கோணக் கண்ணாடி. அதன் ரப்பர் வறண்டுபோய், பெருமழையில் மகளின் முழங்கால்மேல் நீர் சொட்டுகிறது. புது ரப்பர் வந்துவிட்டது. அந்தக் கண்ணாடியைக் கழற்றக் கதவின் உட்தகடு முழுவதையும் இறக்கி, மேல் கீலின் ரிவெட்டைத் துளைத்தெடுக்க வேண்டும். எதிர்வீட்டுப் பெரியவர் சனிக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறார்.